தயிர்சாத டப்பாவும் ஸ்போர்ட்ஸ் பாரும்

அமெரிக்காவின் டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஓர் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. 12ஆவது ஓவர். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினேன், வலது கால் கெண்டைச்சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிட்ச் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரணி விக்கெட் கீப்பர் கையில் பந்தோடு ஒரு நொடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு பெயில்ஸைத் தட்டிவிட்டார்.

எல்லாரும் வெயிலைத்தான் திட்டினார்கள். வெயில் 39 டிகிரி, மறுப்பதற்கில்லை. ஆனால் முந்தின நாள் அதே வெயிலில் 40 ஓவர் ஆட்டம் ஆடி, எட்டு ஓவர் வீசி, சொந்தக் காலில் நடந்துதான் காருக்குப் போனேன். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை ராத்திரி. எங்கள் அணிக்குச் சனிக்கிழமை ராத்திரி என்றால் ஸ்போர்ட்ஸ் பார்.

ஏன் அங்கேயே போகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். வியர்வை நாற்றத்தோடு, கிட் பையோடு, பதினாலு பேர் முன்பதிவு இல்லாமல் போய் நின்றால் முகம் சுளிக்காமல் மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டுத் தருகிற இடம் இந்த ஊரில் வேறு இல்லை. குடிப்பவன், குடிக்காதவன், சைவம், மாட்டிறைச்சி தொடாதவன் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். இருபது முப்பது டிவி ஓடும், நாம் எவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டாலும் யாருக்கும் கேட்காது. 2024 ஜூன் 6ஆம் தேதி கிராண்ட் பிரெய்ரி மைதானத்தில் அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவரில் தோற்கடித்த அன்று, அதற்கு முன் கிரிக்கெட்டைக் கண்டாலே சேனல் மாற்றிய அதே பாரில், கெஞ்சாமலே ஒரு டிவியை எங்களுக்கு விட்டார்கள். அந்த நன்றிக்கடனும் இருக்கிறது. ஆக, போகாதே என்று சொல்வது நடக்கிற காரியம் இல்லை. போய் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அந்தச் சனிக்கிழமையை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆட்டம் முடிந்தது மாலை ஆறு. விக்கெட் கம்பைப் பிடுங்கி, பாயைச் சுருட்டி, அம்பயரிடம் கையெழுத்து வாங்கி, நடக்காத எல்பிடபிள்யூவைப் பற்றிப் பேசி, பாருக்குப் போய் உட்கார்ந்தபோது எட்டு. நடுவில் வாயில் போட்டது அரை பாட்டில் தண்ணீர். உட்கார்ந்ததும் 23 அவுன்ஸ் (சுமார் 680 மில்லி) பீர், ஏனென்றால் தாகம். பிறகு மேசைக்குப் பொதுவாக நாச்சோஸ் (சீஸ் ஊற்றிய சோள வறுவல்), மொசரெல்லா ஸ்டிக்ஸ் (பொரித்த சீஸ் குச்சி), எலும்பில்லாத விங்ஸ் என்கிற கோழிப் பொரியல். என் பர்கர் வந்தபோது மணி ஒன்பதே கால், பசி போய்விட்டது, ஆனாலும் காசு கொடுக்கிறோமே என்று தின்றேன். பதினொன்றரைக்குப் படுத்து, நெஞ்செரிச்சலில் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன். காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு இரண்டு படி கீழே இருந்தது. அதோடுதான் ஞாயிறு ஆட்டத்துக்குப் போனேன்.

சதைப்பிடிப்புக்கு நீரும் உப்பும் குறைந்ததுதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. களைத்துப்போன சதையும் பிடிக்கும். என் விஷயத்தில் இரண்டுமே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். வீட்டு எடை மெஷினைத் தூக்கி கார் டிக்கியில் போட்டுக்கொண்டேன். ஆட்டத்துக்கு முன் 74.6 கிலோ. முடிந்தபின், ஈர ஜெர்சியைக் கழற்றிவிட்டு ஏறினால் 72.5. தண்ணீர் பிரேக்கில் குடித்தது போகவே 2.1 கிலோ காணோம். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்களின் கணக்கு, குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால். எனக்கு அது மூன்று லிட்டருக்குப் பக்கம். நான் அதுவரை குடித்துக்கொண்டிருந்தது ஒரு பீர், இரண்டு டம்ளர் கோக்.

என் தப்பு பாரில் நடக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் நடந்திருக்கிறது. வறண்ட தொண்டையும் காலி வயிறுமாகப் போய் உட்காருகிறவன் மெனுவைப் படிப்பதில்லை. பக்கத்து மேசைக்குப் போகிற தட்டைப் பார்த்து, "அது என்ன, அதுவே கொண்டா" என்கிறான்.

அதனால் முதல் மருந்து தயிர்சாதம். சிரிக்காதீர்கள். ஆடி முடித்த உடம்புக்கு மாவுச்சத்து வேண்டும், உப்பு வேண்டும், நீர் வேண்டும், கொஞ்சம் புரதம் வேண்டும், வாய்க்கு இறங்க வேண்டும். நம் ஊர் டிபன் டப்பா இதை எப்போதோ தீர்த்துவிட்டது. நான் செய்த ஒரே மாற்றம், சாதாரணத் தயிருக்குப் பதில் இங்கே கிடைக்கும் கிரீக் யோகர்ட். 170 கிராம் டப்பா ஒன்றில் 17 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதைப் பாலில் தளர்த்தி, குழைந்த சாதத்தில் பிசைந்து, உப்பு ஒரு கல் கூடவே போட்டு, கடுகும் இஞ்சியும் தாளித்துவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: டெக்சாஸ் வெயிலில் கார் டிக்கி என்பது அடுப்பு. 32 டிகிரிக்கு மேல் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்கிறது இந்த நாட்டு வேளாண்மைத் துறை. டப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தால்தான் எடுத்துப்போங்கள். முடியாதவர்கள் வாழைப்பழமும் சாக்லேட் பாலும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டம்ப்ஸ் பிடுங்கிய கையோடு, கார் டிக்கியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம். முதல் வாரம் கிண்டல் தாங்கவில்லை. "அண்ணா, ஊறுகாய் எங்கே?" என்று கேட்டான் எங்கள் ஓப்பனர், கோயம்புத்தூர்த் தம்பி. மூன்றாவது வாரம் நிஜமாகவே ஊறுகாயோடு வந்து நின்றான்.

இப்போது பாருக்குள் போவோம்.

உட்கார்ந்ததும் நான் கேட்பது தண்ணீர், ஐஸ் குறைவாக, கூடவே ஒரு கிண்ணம் எலுமிச்சைத் துண்டு. எங்கள் பாரில் அதற்குக் காசில்லை. மேசையில் உப்பு இருக்கிறது, சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. பெரிய டம்ளரில் நாலு துண்டைப் பிழிந்து, இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு பொட்டலம் சர்க்கரை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு சால்ட் லெமன்தான். மூன்று டம்ளர் முடிந்தபின் தான் மெனுவைத் திறப்பேன். இங்கே 'ஐஸ்டு டீ' என்றால் சர்க்கரை போடாதது, போட்டது என்று இரண்டு வகை உண்டு. 'ஸ்வீட் டீ' என்று வாய் தவறிச் சொன்னால் பாகு வரும், குடிக்கக் குடிக்க நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்.

மெனுவில் படிக்க வேண்டியது பெயரை அல்ல, பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லை. 'கிரிஸ்பி', 'கோல்டன்', 'ஹேண்ட் பேட்டர்டு' என்று எது இருந்தாலும் அர்த்தம் ஒன்று: மாவில் முக்கி எண்ணெயில் போட்டது. 'லோடட்', 'ஸ்மதர்டு' என்றால் மேலே சீஸும் பேக்கன் என்கிற பன்றி இறைச்சியும் போர்வை போர்த்தியிருக்கும். 'கிரில்டு' தெரியும். 'பிளாக்கண்டு' என்பதைத்தான் நான் ஆறு வருஷம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன், கருகியது என்று. யார் காசு கொடுத்துக் கருகின கோழியைக் கேட்பார்கள் என்று தாண்டிப் போய்விடுவேன். லூசியானா பக்கத்துச் சமையல் அது. மிளகாய்ப்பொடி, பூண்டுப்பொடி, மூலிகை எல்லாம் மேலே அப்பி, காய்ந்த இரும்புச் சட்டியில் சுடுகிறார்கள், மசாலா கறுத்துப்போவதால் அந்தப் பெயர். அதாவது நம் தவா வறுவல்! மெனுவிலேயே நம் நாக்குக்கு நெருக்கமான சாப்பாட்டை, பெயரைப் பார்த்துப் பயந்து விட்டிருக்கிறேன். இப்போது பாதி நாள் என் ஆர்டர் பிளாக்கண்டு மீனோ கோழியோ, பக்கத்தில் ஃபிரைஸுக்குப் பதில் சுட்ட உருளைக்கிழங்கு அல்லது சாதம், வேகவைத்த புரோக்கோலி. ஃபிரைஸை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், சில இடத்தில் ஓரிரு டாலர் கூடுதலாகும். கேட்கக் கூச்சப்படுவது நம் வியாதி. எங்கள் பகுதியைக் கவனிக்கிற அம்மாளுக்கு வயது அறுபது இருக்கும், எல்லாரையும் 'ஹன்' என்றுதான் கூப்பிடுவார், 'ஹனி'யின் சுருக்கம், நம் ஊர் 'கண்ணு' மாதிரி. ஒரு நாள், "நீ கேட்காமல் நான் எப்படி ஹன் தெரிந்துகொள்வது?" என்றார். அவ்வளவுதான் விஷயம். டிப்ஸில் மட்டும் கை சுருங்காமல் இருந்தால் போதும்.

கிளைகள் 20ஓ அதற்கு மேலோ இருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்பது 2018 மே முதல் அமெரிக்கச் சட்டம். உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டாலும் கொடுக்க வேண்டும். தெருமுனையில் ஒற்றைக் கடையாக நடக்கும் பாருக்கு இது பொருந்தாது. ஆனால் பெரிய சங்கிலிக் கடை ஒன்றின் மெனுவை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை படித்துவிட்டால் கண் பழகிவிடும்.

அப்படிப் படித்தபோதுதான் சாலட் சமாச்சாரம் தெரிந்தது. திருந்திவிட்டேன் என்று காட்டிக்கொள்ள நான் ஒரு மாதம் சாலட் தின்றேன். 'கிரிஸ்பி சிக்கன் சாலட்', மேலே சீஸ், வறுத்த டோர்ட்டியா குச்சிகள், ஊற்ற ரான்ச் என்கிற கொழுப்பு மிகுந்த வெள்ளை சாஸ். ரான்ச் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சுமார் 130 கலோரி, அவர்கள் ஊற்றுவது இரண்டு கரண்டி இல்லை. மொத்தத்தில் அது பர்கரைத் தாண்டியது. அதைவிட மோசம், சும்மா இலை தழை சாலட்டைத் தின்றுவிட்டு ஞாயிறு ஆடப் போனது. அன்று ஐந்தாவது ஓவரிலேயே கால் ஓடவில்லை. மறுநாளும் ஆட்டம் இருக்கிறவனுக்கு சோறோ, கிழங்கோ, ரொட்டியோ வேண்டும். கூடவே ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம், அதாவது உள்ளங்கை அகலம் கிரில்டு கோழி இருந்தால் தாண்டிவிடும். டயட்டில் இருப்பவன் சாப்பாடு வேறு, ஆடுகிறவன் சாப்பாடு வேறு. ஸ்லிப்பில் நின்றுகொண்டே இருபது ஓவரை ஓட்டுகிற நம் பெரியவர்கள் தங்களை இரண்டாவது கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

விங்ஸ் இல்லாத ஸ்போர்ட்ஸ் பாரைப் பற்றிப் பேசி என்ன பயன்? சூப்பர் பவுல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்ட வார இறுதியில் மட்டும் இந்த நாடு 140 கோடிக்கு மேல் விங்ஸ் தின்கிறது என்பது கோழித் தொழில் சங்கத்தின் கணக்கு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற இடத்தில் 1964இல் பிறந்த சரக்கு என்பார்கள். அந்த அசல் விங்ஸுக்கு மாவே கிடையாது, தோலோடு பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டுவது. எலும்பில்லாத விங்ஸ் என்பது றெக்கையே இல்லை. நெஞ்சுக்கறித் துண்டை மாவில் முக்கிப் பொரித்த பஜ்ஜி. 2024 ஜூலையில் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம், எலும்பில்லாத விங்ஸில் எலும்பு இருந்தால் அதிசயப்படக்கூடாது, அது சமைக்கும் பாணியின் பெயர்தான் என்று நாலுக்கு மூன்று பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகளே கைவிட்ட பண்டத்தை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? எலும்போடு, மாவில்லாமல், சாஸைத் தனியாகக் கிண்ணத்தில் கேட்கிறேன். ஆறு. செலரிக் குச்சியையும் கேரட்டையும் யாரும் தொடமாட்டார்கள், அவையும் எனக்கே.

சைவக்காரர்கள் பாடு தனி. எங்கள் ஸ்பின்னர் முட்டைகூடத் தொடமாட்டார், திருநெல்வேலிக்காரர். ஃபிரைஸ் தின்றுகொண்டு மூன்று வருஷம் எங்களோடு வந்தார். ஒரு நாள் அந்த ஹன் அம்மாளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, விங்ஸ் பொரிக்கும் அதே எண்ணெயில்தான் ஃபிரைஸும் விழுகிறது. மனுஷன் முகம் போன போக்கை மறக்க முடியாது. தனிச் சட்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கறுப்பு பீன்ஸ் பர்கர் நல்ல சாப்பாடு, ஆனால் சில இடத்தில் முட்டை சேர்த்துப் பிடிப்பார்கள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இப்போது அவருக்கு நிலையான ஆர்டர் முழு கறுப்பு பீன்ஸ், சாதம், அவகாடோ, சல்சா. மெனுவில் அப்படி ஒரு தட்டே கிடையாது, பக்கத் தீனிகளைச் சேர்த்து அவராகவே கட்டிக்கொண்டது. எட்டு டாலருக்கு அந்த மேசையிலேயே ஒழுங்கான சாப்பாடு அதுதான் என்று எனக்குப் பொறாமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு: 'சில்லி' என்று பார்த்ததும் சில்லி சிக்கன் என்று கேட்டுவிடாதீர்கள். டெக்சாஸில் அது மாட்டிறைச்சிக் குழம்பு. தின்பவர்களுக்கு நல்ல புரதம்தான்.

உப்பு பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் எனக்குப் பொருந்துவது. எங்கள் கேப்டன் அண்ணனுக்கு 47 வயது, பிரஷர் மாத்திரை போடுகிறார், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. நான் உப்புப் போட்டு எலுமிச்சை கலக்கியதைப் பார்த்து அவரும் ஆரம்பித்தார். அவருடைய டாக்டர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறார்கள், சாஸில் புரட்டிய விங்ஸ் ஒரு தட்டே அதைத் தொட்டுவிடலாம். அவருக்கு வெறும் எலுமிச்சைத் தண்ணீர், சாஸ் இல்லாத கிரில்டு மீன். ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் என் தட்டு அவர் தட்டு ஆகாது, இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் பீர். அமெரிக்கக் கணக்கில் 'ஒரு டிரிங்க்' என்றால் 14 கிராம் ஆல்கஹால், அதாவது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ். நான் 'ஒரே ஒரு பீர்' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த 23 அவுன்ஸ் டம்ளர் ஏறக்குறைய இரண்டு. ஐபிஏ என்கிற கசப்பு தூக்கலான பீர் வகை 7 சதவீதம் என்றால் இன்னும் மேலே. 2014இல் ஆஸ்திரேலியாவில் எட்டு ஆண்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், உடற்பயிற்சிக்குப் பின் புரதத்தோடு சாராயமும் கொடுத்தபோது சதை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. புரதமில்லாமல் மாவுச்சத்தோடு கொடுத்தபோது 37 சதவீதம். இதை வைத்து ஒரு பீரைப் பார்த்து அலற வேண்டாம், அவர்கள் கொடுத்த அளவு என் எடைக்கு எட்டு டிரிங்க் வரும். ஆனால் எட்டு தொடுகிற ஆட்கள் எங்கள் மேசையில் உண்டு, அவர்கள் இதைப் படிக்கட்டும். காரை ஓட்டிக்கொண்டு வேறு போக வேண்டும், இந்த ஊரில் ராத்திரி பஸ்ஸை நம்பி யாரும் குடிப்பதில்லை.

மறுநாள் ஆட்டம் இருந்தால் நான் ஆல்கஹால் இல்லாத பீருக்கு மாறிவிட்டேன். மியூனிக் மாரத்தான் ஓடிய 277 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் அதை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை குடித்தவர்களுக்குச் சளித்தொல்லை குறைந்தது என்று வந்தது. பணம் கொடுத்தது பீர் கம்பெனி, அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்த காரணம் வேறு: கையில் பீர் பாட்டில் இருந்தால் "ஏண்டா குடிக்கல?" என்று யாரும் கேட்பதில்லை.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. பொதுத் தட்டு. என் ஆர்டர் வருவதற்கு முன் நாச்சோஸ் வந்து நடு மேசையில் உட்காரும். மூன்று டம்ளர் எலுமிச்சையும் ஒரு கிண்ணம் தயிர்சாதமும் உள்ளே இருந்தும், கை போகத்தான் செய்கிறது. மேசையின் ஓரத்தில், தட்டுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோயம்புத்தூர்த் தம்பி எழுந்து தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான். "டப்பாவுல பாதி நான்தானே சாப்பிட்டேன், எடுத்துக்கங்க அண்ணா" என்றான்.